துறைமுக அதிகார சபையோடு வழக்கு: ஒலுவில் முதல் வாழைச்சேனை வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்முனையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். கடற்கரைப் பக்கத்துச் சனம் பைலோடு வந்தால் முதலில் என் மேசைக்குத்தான் வரும். வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்குக்கு உங்கள் சட்டத்தரணியின் சொல்தான் முடிவு.

துறைமுகம் அரசாங்கத்துடையது. அதற்கு எதிராக வழக்குப் போட ஏலுமா?

ஏலும். இலங்கை துறைமுக அதிகார சபை 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான கூட்டுத்தாபனம். தன் பெயரில் வழக்குத் தொடரவும் அதன்மேல் வழக்குத் தொடரப்படவும் கூடிய சட்ட ஆள் அது.

"சனத்துக்காக நடத்துகிற இடம், இலாபம் எடுப்பதில்லை, பிறகு எப்படி நட்டஈடு கேட்பது?" என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். இதே வாதம் 150 வருடத்துக்கு முன்பே இங்கிலாந்தில் தோற்றுப் போனது. லிவர்பூல் துறைமுகத்தை நடத்திய மேர்சி டொக்ஸ் அறங்காவலர்களின் வழக்கு அது. சியெரா நெவாடா என்ற கப்பல் குவானோ உரம் ஏற்றிக்கொண்டு வந்து, கப்பல்துறை வாசலில் அள்ளாமல் விட்ட சேற்றுத் திட்டில் மோதியது. கப்பலுக்கும் சரக்குக்கும் சேதம். நாங்கள் பொதுநல அமைப்பு, வசூலிக்கும் பணம் துறைமுகத்துக்கே போகிறது என்று அறங்காவலர்கள் சொன்னார்கள். 1866இல் பிரபுக்கள் சபை, அதாவது அன்றைக்கு இங்கிலாந்தின் கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றம், அதை ஏற்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு கப்பலை உள்ளே அழைப்பவர், உள்ளே வரும் வழி ஆபத்தில்லாமல் இருப்பதற்கு நியாயமான கவனம் எடுத்தே ஆகவேண்டும். வாசலில் சேறு கிடப்பது தெரிந்திருந்தாலும் சரி, கவனக்குறைவால் தெரியாமல் இருந்தாலும் சரி, பொறுப்பு பொறுப்புதான்.

ஒலுவில் துறைமுக வாசலில் மண் நிரம்பிப் படகு போக முடியாமல் நின்ற நாட்களில் இந்தத் தீர்ப்பை நான் பலமுறை எடுத்து வாசித்தேன். நம் நாட்டில் சிவில் தவறுகளுக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த உரோம டச்சுச் சட்டம். கவனக்குறைவு, நட்டம், இரண்டுக்கும் இடையிலான தொடர்பு ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும். இங்கிலாந்துத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் நீதிபதிக்கு முன் வைத்து வாதிட அது நல்ல துணை.

யாரை எதிராளியாகப் போடுவது?

ஆளை மாற்றிப் போட்டால் வருடங்கள் வீணாகிவிடும். வணிகத் துறைமுகம் என்றால் துறைமுக அதிகார சபை. வாழைச்சேனை போன்ற மீன்பிடித் துறைமுகம் என்றால் இலங்கை மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனம். கரையில் கல் போடுவதும் கட்டுமானத்துக்கு அனுமதி கொடுப்பதும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் வேலை. திணைக்களம் என்பது அரசாங்கமே, ஆகவே அதற்குச் சட்டமா அதிபரை எதிராளியாக்க வேண்டும். அவர்மீதோ அரச அலுவலர்மீதோ வழக்குப் போடுமுன் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

"அந்த எஞ்சினியர்மேலதான் கோபம், அவரையும் போடுங்க" என்று சிலர் கேட்பார்கள். கோபம் விளங்குகிறது. ஆனால் காசு கட்டக் கூடியது நிறுவனம்தான். தனி ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றால் வழக்கின் முனை மழுங்கிவிடும் என்பது என் அனுபவம்.

கடலரிப்பில் எங்கள் காணி போய்விட்டது. துறைமுகம் கட்டியதால்தான் என்று கேட்க முடியுமா?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒலுவில் துறைமுகக் கனவு, துறைமுக அமைச்சராக இருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் காலத்தில் தொடங்கியது. டென்மார்க் கடனுதவியில் 2008இல் கட்டுமானம் ஆரம்பித்து 2013இல் திறந்தார்கள். கடலுக்குள் கல் அணை நீட்டினால் என்ன நடக்கும் என்பது கரைவலைக்காரருக்குப் படிக்காமலே தெரியும். கரையை ஒட்டி ஓடும் மண் அணையில் முட்டி ஒரு பக்கம் குவியும். மறுபக்கத்துக்கு வரவேண்டிய மண் வராது, கடல் அங்குள்ள கரையைத் தின்னும். துறைமுக வாசல் மண்ணால் அடைபட்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் தென்னைகள் வேரோடு சாய்ந்தன.

ஒருநாள் ஒலுவிலிலிருந்து ஒரு காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணனை அப்படித்தான் சொல்வோம்) வந்தார். சொப்பிங் பேக்கில் சுற்றி, அதை இன்னொரு சொப்பிங் பேக்கில் போட்டு, காணி உறுதியைக் கொண்டுவந்திருந்தார். விரித்துப் பார்த்தேன். எல்லைகள்: வடக்கே ஒருவரின் வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே பாதை, கிழக்கே கடற்கரை. "தம்பி, இந்தக் கிழக்கு எல்லை இப்ப எங்க இருக்குத் தெரியுமா? எங்கட குசினி இருந்த இடத்தில" என்றார். அவரது உறுதியில் பிழை ஒன்றும் இல்லை. எல்லைதான் இடம் மாறி வந்துவிட்டது.

இப்படியான வழக்கில் தடைகள் இரண்டு. ஒன்று, "பாராளுமன்றச் சட்டத்தின் அதிகாரத்தோடுதான் கட்டினோம்" என்ற பதில். சட்ட அதிகாரம் ஒரு கவசம்தான், ஆனால் முழுக் கவசம் இல்லை. 1983இல் பிரபுக்கள் சபை தீர்த்த, டேட் அண்ட் லைல் என்ற சீனிக் கம்பனியின் வழக்கைப் பாருங்கள். லண்டன் பெருநகர சபை தேம்ஸ் நதியில் படகுத் துறைகள் கட்டியது. அவற்றின் அமைப்பால் நதியில் மண் படிந்து, கம்பனியின் இறங்குதுறைக்குக் கப்பல் வர முடியாமல் போனது. கம்பனி தன் செலவில் மண் அள்ளியது. தண்ணீர் இவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்று கேட்கக் கம்பனிக்குத் தனி உரிமை இல்லை என்றது நீதிமன்றம். ஆனால் நதியில் போய்வரும் பொது உரிமைக்கு இடையூறு நடந்திருக்கிறது, அதனால் கம்பனிக்கு விசேட நட்டமும் வந்திருக்கிறது என்று சொல்லி, செலவில் முக்கால் பங்கைக் கொடுக்க வைத்தது. கட்ட அதிகாரம் இருந்தாலும் மற்றவருக்குத் தீங்கு குறையும் விதத்தில் வடிவமைத்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே எடுபட்ட வாதம்.

மற்றத் தடை, காரணத்தை நிரூபிப்பது. "கிழக்குக் கரை எப்போதும் அரிக்கும், வாடைக் காலத்தில் கடல் ஏறும்" என்று மறுபக்கம் சொல்லும். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அதனால் அணைக்கு முன்னும் பின்னும் கரை எங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். பழைய நில அளவைப் படத்தோடு, இப்போது அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்த புதுப் படமும் வேண்டும். கூகுள் ஏர்த்தில் பழைய வருடப் படங்கள் கிடைக்கும். கிராம சேவகரின் கடிதம், மீனவர் சங்கக் கூட்டக் குறிப்பு, திகதி தெரியும் புகைப்படம் எல்லாம் பெறுமதியானவை. சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் கடலரிப்பு பற்றி என்ன எழுதியிருந்தார்கள், தடுக்க என்ன செய்வதாகச் சொன்னார்கள் என்று தேடுங்கள். சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டிருந்தால் அதைவிட வலுவான ஆதாரம் வேறு இல்லை.

எஞ்சிய காணி கரையைத் தொடும் நிலையில் இருந்தால், இன்றைக்கே அளந்து வையுங்கள். கடல் முழுவதையும் எடுத்த பிறகு அளக்க நிலம் இருக்காது.

எந்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்?

என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காசாக நட்டஈடு என்றால் சம்பவம் நடந்த இடத்து மாவட்ட நீதிமன்றம்.

அதிகார சபையின் ஒரு முடிவை இரத்துச் செய்ய வேண்டும், அல்லது செய்ய வேண்டிய கடமையைச் செய்ய வைக்க வேண்டும் என்றால் ரிட் மனு. மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் ரிட் அதிகாரம் உண்டு, அதனால் நம் சனம் முதலில் அங்கேதான் போக நினைக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் மாகாணப் பட்டியலில் உள்ள விடயங்களுக்கு மட்டும். துறைமுகம் மத்திக்கு ஒதுக்கிய பட்டியலில் இருக்கிறது. ஆகவே கொழும்பு புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம்தான், அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் ஏறிப் போகும் மீனவர் சங்கத்துக்கு இது பெரிய செலவு. இந்த ஏற்பாடு கரையோர ஏழைகளுக்கு நியாயமானது இல்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

சமமாக நடத்தவில்லை, தொழில் செய்யும் உரிமையைப் பறித்தார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. 12ஆம், 14ஆம் உறுப்புரைகள் இங்கே வரும்.

எவ்வளவு காலத்துக்குள் போட வேண்டும்?

என் மேசைக்கு வரும் வழக்குகளில் அதிகமானவை செத்துப்போவது சட்டத்தால் அல்ல, நாட்கணக்கால். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கும் காலத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்று காட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். மீறல் தொடர்ந்து நடக்கிறது என்ற வாதத்தை நீதிமன்றம் சில வழக்குகளில் ஏற்றிருக்கிறது. அதை நம்பி மட்டும் தாமதிக்காதீர்கள்.

நட்டஈட்டு வழக்குக்கு, 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி, இரண்டு வருடம். பெட்டிசம் எழுதினோம், அமைச்சர் வந்து பார்த்தார், வாக்குறுதி தந்தார் என்பதெல்லாம் அந்த இரண்டு வருடத்தை நிறுத்தாது. மந்திரி வந்த படத்தைப் பேப்பரில் வெட்டி வைத்துக்கொண்டு மூன்றாம் வருடம் வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

துறைமுகத்துக்கு என்று எங்கள் காணியை எடுத்தார்கள். தந்த காசு போதாது. என்ன செய்யலாம்?

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தில் படி படியாக நடைமுறை இருக்கிறது. பிரிவு 4 அறிவித்தல் வந்தால், அதில் சொன்ன திகதிக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கால அவகாசம் 14 நாளுக்குக் குறையக் கூடாது. பிறகு பிரிவு 7 அறிவித்தல் வரும்போது உரித்தையும் பெறுமதியையும் கோர வேண்டும். பெறுமதி எழுதும்போது காணியின் விலையை மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். காய்க்கும் தென்னை எத்தனை, கிணறு, மதில், வாடி (மீன்பிடிக் கொட்டில்), பாதிக்கும் தொழில், எல்லாவற்றையும் எழுதுங்கள்.

தீர்ப்புத் தொகை குறைவு என்றால் 21 நாளுக்குள் காணி எடுத்தல் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு. அதற்கு மேல் சட்டப் பிரச்சினை இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம். காசை வாங்கிக்கொண்டே மேன்முறையீடு செய்வதாக இருந்தால், என்ன எழுதிக் கையெழுத்து வைக்கிறீர்கள் என்று முதலில் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

எடுத்த காணியைப் பயன்படுத்தவே இல்லை. திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம். அதே காணி எடுத்தற் சட்டத்தில் 1979இல் சேர்த்த 39அ பிரிவு அதற்கானது. நட்டஈடு கொடுத்திருக்கக் கூடாது, எடுத்த பின் பொதுத் தேவைக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, மேம்படுத்தியிருக்கக் கூடாது, உரியவர்கள் திரும்பப் பெறச் சம்மதிக்க வேண்டும். "திருப்பிக் கொடுப்பது அமைச்சரின் விருப்பம்" என்ற பதிலுக்கு, 1993இல் வெளியான டி சில்வா எதிர் அத்துகோரல தீர்ப்பு நல்ல மறுமொழி. அமைச்சருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருப்பது மக்களின் நம்பிக்கைப் பொறுப்பாக என்று சொன்ன தீர்ப்பு அது.

கடற்கரையில் வாடி போட்டிருக்கிறோம். 30 நாளில் எழும்பச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது.

அது பெரும்பாலும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீளப்பெறல் சட்டத்தின் கீழ் வந்தது. இதில் கவனமாக இருங்கள். நீதவான் நீதிமன்றத்தில் உங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம் இருக்கிறதா? வாப்பா காலத்திலிருந்து இருக்கிறோம் என்பது அங்கே எடுபடாது. இருக்கும் கடதாசி எதுவானாலும் கொண்டு போங்கள். காணி உங்களுக்கே சொந்தம் என்றால், வெளியேற்றும் கட்டளையிலிருந்து ஆறு மாதத்துக்குள் உரித்து வழக்குப் போடலாம். நோட்டீஸ் கொடுத்தவருக்கு அந்தக் காணிமேல் அதிகாரமே இல்லை என்றால் ரிட் மனு ஒரு வழி.

அதிகார சபை தன் அதிகாரத்தை மீறி ஒப்பந்தம் செய்தால் சாதாரண ஆள் கேட்க முடியுமா?

கேட்டிருக்கிறார்கள், வென்றும் இருக்கிறார்கள். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு எரிபொருள் கொடுக்கும் லங்கா மரைன் சேர்விசஸ் நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றதை எதிர்த்து அரசியல்வாதி வாசுதேவ நாணயக்கார அடிப்படை உரிமை மனுப் போட்டார். 2008இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையைச் செல்லாது என்றது. பொதுச் சொத்தைக் கையாளும் அதிகாரம் மக்களுக்காக வைத்திருக்கும் பொறுப்பு என்பதே அங்கும் அடிப்படை. சட்டம் தராத அதிகாரத்தை ஒரு சட்டபூர்வ சபை கடிதத்தால் உண்டாக்க முடியாது. கட்டணம் அறவிடுவதாக இருந்தாலும் சரி, கடலில் ஒரு பகுதியில் வலை போடாதே என்பதாக இருந்தாலும் சரி, "எந்தப் பிரிவின் கீழ்?" என்று எழுத்தில் கேளுங்கள்.

கப்பல் வந்து வலையை அறுத்துப் போனது, படகில் மோதியது. துறைமுகமா பொறுப்பு?

பெரும்பாலும் கப்பல் சொந்தக்காரர். கப்பலையே பிடித்து வைக்கும் அதிகாரம் 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கக் கடல்சார் (அட்மிரல்டி) நியாயாதிக்கச் சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றத்துக்கு உண்டு. அதைக் கொழும்பில்தான் பாவிக்கிறார்கள். கப்பல் நாட்டை விட்டுப் போனால் பிடிக்க ஒன்றும் இருக்காது, ஆகவே கப்பலின் பெயர், நேரம், ஜிபிஎஸ் இடம் மூன்றையும் கடலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கரைக்கு வந்ததும் பொலிஸ் முறைப்பாடு.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து ஜூனில் மூழ்கியது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி அமெரிக்க டொலர் கட்டச் சொன்னது. மனுக் கொடுத்தவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். உரிய நேரத்தில் செயற்படாத அரச தரப்பையும் அந்தத் தீர்ப்பு விட்டுவைக்கவில்லை.

கொழும்புத் துறைமுகத்தில் எங்கள் கொள்கலன் நிற்கிறது. வாடகை ஏறுகிறது.

முதலில் யார் நிறுத்தியது என்று பாருங்கள். சுங்கம் கைப்பற்றியிருந்தால் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 154ஆம் பிரிவின்படி ஒரு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோரிப் பிணை கொடுக்க வேண்டும். துறைமுக வாடகை வேறு கணக்கு. இரண்டையும் ஒரே கடிதத்தில் குழப்பி எழுதினால் இரண்டு இடத்திலிருந்தும் பதில் வராது.

ஆவணங்களைத் தர மறுக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு, அதன் பிறகு ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு. என்ன கேட்பது? மண் அள்ளிய திகதிகளும் செலவும், துறைமுக வாசலின் ஆழ அளவீடுகள், சூழல் தாக்க அறிக்கை, கரையோரம் பேணல் அனுமதிப்பத்திரமும் அதன் நிபந்தனைகளும். "துறைமுகம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. திகதி போட்டு, ஆவணத்தின் பெயர் போட்டுக் கேளுங்கள்.

செலவுக்கு வழி இல்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். சங்கமாகச் சேர்ந்து வந்தால் நில அளவையாளர் செலவும் பிரிந்து போகும், சாட்சியும் கூடும். ஒலுவில் காக்கா தனியாகத்தான் முதலில் வந்தார். இரண்டாம் முறை பக்கத்து வளவுக்காரர் ஏழு பேரோடு, ஏழு உறுதிகளோடு வந்தார். ஏழிலும் கிழக்கு எல்லை கடற்கரை என்றுதான் இருந்தது. அடுத்த கிழமையே நில அளவையாளரை அழைத்துப் போனோம்.